நல்ல வாரத்துக் கேசட்

பிரிக்பீல்ட்ஸில் தங்கரத்தினம் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மிஸி வீடு என்று கேளுங்கள், பூக்கடைக்காரர் கட்டிக்கொண்டிருக்கும் மாலையைக் கீழே வைக்காமலே முகவாயால் வழி காட்டுவார். நர்ஸை மிஸி என்று கூப்பிடுவது இந்த நாட்டு வழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அந்தப் பெயருக்கு ஓய்வு கிடையாது.

அவர் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அதில் கடைசிப் பத்து வருஷம் மனநோய் வார்டு. ஐம்பத்தைந்து வயது முடிந்ததும், 1996-ல், ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு மாலையும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். பிள்ளைகள் இருவரும் மெல்பர்னில். கணவர் வீரசிங்கம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து அவருக்கு முன்பே ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரை விரித்தால் மத்தியானச் சோறு வரும்வரை அதற்குள்ளேயே இருப்பார். தங்கரத்தினமும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனதில் ஒரு பாரம் இருந்தது. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டு வந்த எத்தனையோ இளம் பெண்களுக்கு அவர் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார். அதே பெண்கள் மூன்று மாதத்தில் திரும்பி வருவார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அப்படி வராமல் போனவர்களின் முகம்தான் அவருக்கு அதிகம் நினைவிருந்தது.

அடுத்த ஜனவரியில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஆலோசனை நிலையத்தில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று ஆரம்பமானது. நடத்தியவர் ரம்லத். மஸ்ஜித் இந்தியாவில் துணி வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண், முப்பத்தெட்டு வயது, வெளிநாட்டில் மனநல சிகிச்சை படித்துவிட்டு வந்தவர். அவர் கற்றுக்கொடுத்த சிகிச்சைக்கு டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரப்பி என்று பெயர். பெயரைக் கேட்டே மூன்று பேர் முதல் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் ஓயாமல் வந்துகொண்டிருப்பவர்களோடு, வாரம் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம்.

"எங்க வாப்பா கடையில துணி கிழிக்கிறதப் பாத்திருக்கீங்களா?" என்று ரம்லத் முதல் நாள் கேட்டார். "ஒரு கை விடாமப் பிடிச்சிருக்கும், ஒரு கை இழுக்கும். ரெண்டு கையும் பிடிச்சிட்டே இருந்தா துணி அப்படியேதான் இருக்கும். ரெண்டு கையும் இழுத்தா கோணலாப் போயிடும். நம்ம வேலையும் அதுதான் லா. நீ படற வேதனை நெஜம்னு சொல்லணும், அதே மூச்சுல நீ மாறணும்னும் சொல்லணும்."

அவர் மேசையில் கடைக் கல்லாவில் இருப்பது போல ஒரு சின்ன மணி இருந்தது. பயிற்சியில் யாராவது நோயாளியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் டிங் என்று அடிப்பார். திமிர் என்றால் டிங். நடிப்பு என்றால் டிங். பள்ளிக்கூட ஆசிரியரான ஜெயராஜ் ஒரே காலையில் ஒன்பது டிங் வாங்கினார். நம் ஆட்களுக்கு அறிவுரை சொல்லாமல் பத்து நிமிஷம் இருக்கச் சொன்னால் மூச்சு முட்டிவிடும். பன்னிரண்டு பேரில் கடைசியில் மிஞ்சியது நான்கு பேர். உளவியலில் பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் கழன்றுகொண்டார்கள். மிஸியும் ஜெயராஜும் இன்னும் இரண்டு பேரும் நிலைத்தார்கள்.

மே மாதம் ஆளுக்கு ஒரு நோயாளியை ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு சந்திப்பையும், நோயாளியின் சம்மதத்தோடு, கேசட்டில் பதிவு செய்யவேண்டும். அதை ரம்லத் கேட்டு, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் திருத்துவார். அந்தக் கூட்டம் நோயாளிகளைப் பற்றியது மட்டுமல்ல, சிகிச்சை கொடுப்பவர்கள் கலங்கிப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கும்தான்.

தங்கரத்தினத்துக்குக் கிடைத்தவள் சீதாலெட்சுமி. வயது இருபத்திரண்டு. ஷா ஆலமில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. தாய் இறந்துவிட்டாள், லோரி ஓட்டும் அப்பா ரெங்கசாமி வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். அவள் கம்போங் மேடானில் அண்ணன் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். நீளக்கை பிளவுஸ், தலை குனிந்த நடை, கேட்டால் மட்டும் பதில்.

முதல் சந்திப்பில் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒரு வருஷம் உயிரோடு இருப்பதற்கு அவள் முயற்சி செய்யவேண்டும். வாராவாரம் ஓர் அட்டையில், அன்றன்று சாகத் தோன்றியதா, எவ்வளவு, என்ன செய்தாள் என்று எண்களால் குறித்து வரவேண்டும். தாங்கமுடியவில்லை என்றால், ஏதும் செய்வதற்கு முன் மிஸி வீட்டுக்குப் போன் செய்யவேண்டும்.

"முன்னாடி. செஞ்சதுக்கு அப்புறம் இல்ல. புரியுதாம்மா?"

"புரியுது மிஸி," என்றாள் சீதாலெட்சுமி. ஆனால் நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் முன்னால் கூப்பிடவில்லை. காயத்தோடுதான் கூப்பிட்டாள்.

செப்டம்பரில் நகரமே காட்டுத்தீப் புகைமூட்டத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மற்ற மூவரும் போனபிறகு ரம்லத் மிஸியை மட்டும் இருக்கச் சொன்னார். மேசையில் பதினான்கு கேசட்டுகளை எடுத்து இரண்டு வரிசையாக அடுக்கினார். எல்லாமே பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஓடுகிறவை. ஒவ்வொன்றிலும் தேதியும், ஆரம்பித்த நேரமும், முடித்த நேரமும் தங்கரத்தினத்தின் குண்டு குண்டான ஆஸ்பத்திரிக் கையெழுத்தில்.

"இந்த வரிசை, அவ ஒன்னும் செஞ்சுக்காத வாரம். எட்டு கேசட். இது காயம் பட்ட வாரம், ஆறு. நேரத்த மட்டும் பாருங்க அக்கா."

தங்கரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எட்டு கேசட்டுகளில் இருபத்தைந்து நிமிஷம், முப்பது நிமிஷம், ஒன்றில் இருபத்திரண்டு. ஆறு கேசட்டுகளில் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தன.

"காயம் பட்டு வர்ற பிள்ளைகிட்ட கூட நேரம் இருக்கிறது தப்பா?" அவர் குரல் உயர்ந்தது. "முப்பத்திரண்டு வருஷம் வார்டுல நின்னவ நான். சீரியஸ் கேஸுக்குத்தான் முதல்ல ஓடணும். அது எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல."

ரம்லத் மணி பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. காயம் பட்ட வரிசையில் கடைசிக் கேசட்டைப் போட்டார். டிபன் கேரியர் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிஸியின் குரல், மிஸிக்கே அந்நியமாக, அவ்வளவு குழைவாக. "மிளகு ரசம் கொண்டாந்திருக்கேன். கையக் காட்டு. ஐயோ என் குஞ்சு, இப்படியா செய்வ? சாப்பிடு, நான் ஊட்டி விடறேன்."

அந்தக் கேசட்டை நிறுத்திவிட்டு ரம்லத் நல்ல வாரத்துக் கேசட் ஒன்றைப் போட்டு, கடைசிக்கு ஓட்டினார். மிஸி சொல்கிறார், "அட்டை எல்லாம் சுழியம். கெட்டிக்காரி. அப்ப சரி, அடுத்த வெள்ளிக்கிழமை பாப்போம்." நாற்காலி நகரும் சத்தம். பிறகு சீதாலெட்சுமியின் சின்னக் குரல்.

"அவ்ளோதானா மிஸி?"

ரம்லத் இன்னொன்றைப் போட்டார். அதன் முடிவிலும் அந்தக் குரல் அதையே கேட்டது. மூன்றாவதிலும். பதில் சொல்லாமல் மிஸி டேப்பை நிறுத்தும் க்ளிக் மட்டும் கேட்டது. எட்டில் ஐந்து கேசட்டுகள் அப்படித்தான் முடிந்திருந்தன. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அது தங்கரத்தினத்தின் காதில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

"நீங்க அன்பில்லாதவங்கன்னு நான் சொல்லல," என்றார் ரம்லத். "அந்த அன்பு எப்ப வருதுன்னு அந்தப் பொண்ணு கத்துக்கிட்டா. அவளுக்குத் தெரிஞ்சு கத்துக்கல, ஆனா கத்துக்கிட்டா. இன்னும் அஞ்சாறு மாசம் இப்படியே போனா ரசம் கொண்டுபோறதுக்கு ஆள் இருக்காது அக்கா."

தங்கரத்தினம் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார். வெளியே புகையில் எதிர்ப்பக்கக் கடைகள்கூடத் தெரியவில்லை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமாக நடந்தார். அவர் பிறந்து வளர்ந்த வரிசை வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. அப்பா கந்தையா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தா ஆனவர், கடமையே கண்ணானவர். பிள்ளைகள் ரிப்போர்ட் கார்டை நீட்டினால் கையெழுத்துப் போடுவார், தலையை நிமிர்த்த மாட்டார். முதலாவதாக வந்தாலும் அப்படித்தான். ஆனால் காய்ச்சல் என்றால் வேறு ஆளாகிவிடுவார். வேலைக்குப் போகாமல் கட்டில் ஓரம் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டே இருப்பார். பெரிய உள்ளங்கை. மை வாசனை அடிக்கும்.

ஒன்பது வயதில் தங்கரத்தினம் அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அப்படிச் செய்தால் காய்ச்சல் வரும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னது. காய்ச்சல் வரவில்லை, தோல்தான் எரிந்தது. அம்மா கண்டுபிடித்து நாலு போட்டார். பரீட்சைக்குப் பயந்து செய்தாள் என்று வீட்டில் எல்லோரும் இன்றுவரை சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். பரீட்சைக்காக இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நம் வீடுகளில் இதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. சுகமாக இருக்கிற பிள்ளையை யார் தடவிக் கொடுக்கிறார்கள்? படுத்தால்தான் பார்லி கஞ்சி, படுத்தால்தான் மடி. தங்கரத்தினம் ஒரு ஆயுள் முழுக்க அந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்து, அதையே உத்தியோகமாகவும் செய்து, கடைசியில் இந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ரயில் பாதை ஓரமாக நின்று அழுதார். புகை என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் டிபன் கேரியரை எடுத்துப் போகவில்லை. டேப்பைப் போட்டுவிட்டு நேராகச் சொன்னார். "தப்பு என் மேலம்மா. நீ நல்லா இருக்கறப்பல்லாம் நான் உன்னச் சீக்கிரமா அனுப்பிட்டேன். நீ கேட்டத நான் காதுல வாங்கல. இனிமே நல்ல வாரத்துல நாம நிறையப் பேசுவோம். காயம் பட்டா, எப்படி நடந்துச்சுன்னு ஒவ்வொரு படியா எழுதுவோம், அவ்ளோதான். முன்னாடி எப்ப வேணாலும் போன் பண்ணு. ஆனா செஞ்சுக்கிட்டா, ஆபத்து இருக்கான்னு மட்டும் கேப்பேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அதுலேருந்து இருபத்தி நாலு மணி நேரம் உன்கூடப் பேச மாட்டேன்."

சீதாலெட்சுமி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் எல்லார் மாதிரிதான் மிஸி. ஒங்களுக்கும் நான் தொந்தரவாப் போயிட்டேன்."

"தொந்தரவா இருந்தா இன்னிக்கி வந்திருக்க மாட்டேன்," என்றார் தங்கரத்தினம். அவள் நம்பவில்லை.

ஐந்து நாள் கழித்து, புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போன் அடித்தது. "செஞ்சுக்கிட்டேன் மிஸி," என்றாள் அவள். குரலில் ஒரு சவால் இருந்தது.

தங்கரத்தினம் நின்றுகொண்டே கேட்டார். எங்கே, எவ்வளவு, ரத்தம் நின்றதா, மாத்திரை ஏதும் சாப்பிட்டாளா, இன்னும் சாகத் தோன்றுகிறதா, பக்கத்தில் யார். அண்ணி மாரியாயி இருந்தாள். அவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, காயத்தின் அளவை அவள் வாயாலும் கேட்டு, க்ளினிக்குக் கூட்டிப் போகவும் தனியாக விடாமல் இருக்கவும் சொன்னார். பிறகு மீண்டும் சீதாலெட்சுமியிடம், "டாக்டர் பாத்து கட்டுப் போடுவாங்க. வெள்ளிக்கிழமை வாம்மா, பேசுவோம்," என்றார்.

"ஒன்னும் சொல்ல மாட்டீங்களா?" சவால் போய்விட்டது. அழுகைதான் மிச்சம். "மிஸி?"

"வெள்ளிக்கிழமை," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

வீரசிங்கம் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். "என்னப்பா, அந்தப் பிள்ளை அழுறது இஞ்ச மட்டும் கேக்குது. நீர் இப்படிக் கல்லா நிக்கிறீரே."

மிஸி போன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து மாரியாயி க்ளினிக்கிலிருந்து கூப்பிட்டு, கட்டுப் போட்டாகிவிட்டது, ஆபத்து இல்லை, டாக்டர் வீட்டுக்கு விட்டுவிட்டார், தான் கூடவே இருப்பதாகச் சொன்னாள். அதன் பிறகுதான் தங்கரத்தினம் ரம்லத்துக்குப் போன் செய்தார். அவராகவே ரம்லத்தைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் ஒரு பிள்ளையக் கொல்றேனோன்னு இருக்கு."

"நீங்க ஆபத்து இருக்கான்னு கேட்டீங்களா, பாதுகாப்புப் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"அப்ப நீங்க விடலையே அக்கா. ஒரு கை பிடிச்சுதானே இருக்கு," என்றார் ரம்லத். "எனக்கும் பயம்தான். லைன வைக்காதீங்க, நான் இருக்கேன்."

இரண்டு பெண்களும் முக்கால் மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சீதாலெட்சுமி வரவில்லை. தங்கரத்தினம் அந்த அறையில் காலி நாற்காலிக்கு எதிரே முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மாரியாயிக்குப் போன் செய்தார். ஆள் நலம், ஆனால் மிஸி பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள் என்றாள். "அடுத்த வாரம் அதே நேரம், நாற்காலி காலியாத்தான் இருக்கும்னு சொல்லும்மா," என்றார் மிஸி. அந்த ஏழு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பேப்பர் வந்ததும், வீரசிங்கத்துக்கு முன்னால் தானே எடுத்துப் பார்ப்பார், கம்போங் மேடான் பெயர் எங்காவது இருக்கிறதா என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். உட்கார்ந்தாள், அட்டையை மேசையில் போட்டாள். இருவரும் அந்தப் புதன்கிழமையைக் காகிதத்தில் சங்கிலி போல வரைந்தார்கள். தொழிற்சாலையில் காலை ஷிப்டில் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டினான். பஸ் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் சட்டியில் சோறு இல்லை, எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். யாருக்கும் தன் நினைப்பில்லை என்று தோன்றியது. அதற்கு அடுத்த கண்ணியில் அவள் பேனா நின்றது.

"அப்ப மிஸி நெனப்பு வந்துச்சு," என்றாள் மெதுவாக. "செஞ்சா பேசுவீங்கன்னு."

"இந்த எடத்துல போன் பண்ணியிருந்தா?"

"ஒன்னுமே ஆகாம என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

தங்கரத்தினமும் ஐம்பது வருஷமாக அதே கேள்வியோடுதான் இருக்கிறார். "சோறு இல்லன்னு சொல்லிக் கூப்பிடலாம்," என்றார் கடைசியில். நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டார். தடவல் இல்லை, ரசம் இல்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அதற்கு அடுத்த வாரம் அட்டை முழுக்கச் சுழியம். கேசட்டின் முதல் பக்கம் முடிந்ததும் சீதாலெட்சுமி எழுந்திருக்கப் பார்த்தாள். தங்கரத்தினம் டேப்பைத் திருப்பிப் போட்டார். பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்து வைத்தார். இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்ப் பொரியல்.

"எதுக்கு மிஸி? ஒன்னும் ஆகலையே."

"ஒன்னும் ஆகல, அதுக்குத்தான். உக்காரு. அந்த லீனா பத்திச் சொன்னியே, ஒங்க லைன்ல வேல செய்யற பொண்ணு, கல்யாணம் ஆச்சா அவளுக்கு?"

அன்று தொண்ணூறு நிமிஷமும் ஓடி, கேசட் தானாக நின்ற பிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ரம்லத் அதை முழுதாகப் போட்டுக் காட்டினார். இடியப்பம் சாப்பிடும் சத்தத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். அக்டோபரில் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை மீண்டும் காயம். இரண்டு தடவையும் இருபத்து நாலு மணி நேரம். இரண்டு தடவையும் மிஸிக்குத் தூக்கம் இல்லை. நவம்பர் முடிந்த பிறகும் அவள் ஒரு முறைகூட முன்னால் கூப்பிட்டிருக்கவில்லை. அது மட்டும் நடக்கவில்லையே என்று ரம்லத்தும் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. தங்கரத்தினம் துணி மடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தால் பஸ் சத்தம், யாரோ கத்தும் சத்தம், பப்ளிக் போனில் காசு விழும் சத்தம். பேச்சு வரவில்லை. எங்கே, எவ்வளவு, ரத்தம் நின்றதா என்ற கேள்விகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன.

"மிஸி." அவள் மூச்சு வாங்கினாள். "இன்னும் ஒன்னும் செய்யல. பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். செய்யணும் போல இருக்கு, ஆனா செய்யல. சும்மா கூப்பிடலாமா?"

தங்கரத்தினம் மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கூப்பிடலாம்மா," என்றார். "கூப்பிடலாம். சொல்லு. சாப்பிட்டியா?"

பதினேழு நிமிஷம் பேசினார்கள். நடுவில் காசு தீரும் நேரத்தில், எண்ணைக் கேட்டு அவரே திருப்பிக் கூப்பிட்டார். அந்த வேகம் தணிய, வகுப்பில் கற்றபடி, பக்கத்துக் கடையில் ஐஸ் தண்ணீர் வாங்கி முகத்தில் அடித்துக்கொள்ளச் சொன்னார். பஸ் வந்தது. "ஏறிட்டு வீட்டுக்குப் போயிக் கூப்பிடறேன் மிஸி," என்று வைத்தவள், சொன்னபடியே கூப்பிட்டாள்.

அதன் பிறகு அவர் கூடத்துக்கு வந்தார். வீரசிங்கம் நாற்காலியில், காலைப் பேப்பரில் மிச்சம் வைத்ததைப் படித்துக்கொண்டிருந்தார். தங்கரத்தினம் பக்கத்தில் போய் அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

வீரசிங்கம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னப்பா, எனக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லையே."

"இல்லைத்தான்," என்றார் தங்கரத்தினம். கையை எடுக்கவில்லை.